காரில் முடிந்தது செஸ்னாவில் ஏன் முடியவில்லை? ஈயமில்லா பெட்ரோலும் மின்னணு இக்னிஷனும்

2025 ஆகஸ்ட் 4, கேள்வி

கார் இக்னிஷன்ல (பெட்ரோலைப் பத்தவைக்கிற பொறி அமைப்பு) பாயின்ட், கண்டென்சர் எல்லாம் போய் எவ்வளவோ காலம் ஆச்சு. ஈயம் கலந்த பெட்ரோலும் போயிடுச்சு. செஸ்னா 172 மாதிரி சின்ன விமானத்துல மட்டும் இன்னும் மேக்னெட்டோ (எஞ்சின் சுத்தும்போது தானே பொறி உண்டாக்குற கருவி), இன்னும் ஈயம். மின்னணு இக்னிஷன் ஒண்ணு போட்டு, நாக் சென்சார் (பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கிற தட்டலைக் கேட்கிற கருவி) வச்சு, பங்க்ல கிடைக்கிற பெட்ரோலை ஊத்தினா வேலை முடிஞ்சது. தடுக்கிறது பழைய சட்டம் மட்டும்தானே?

ஆகஸ்ட் 4, மாலை

சட்டம் மட்டும் இல்லை. முதலில் ஆக்டேனைப் பார்ப்போம், அதாவது நேரம் தவறி வெடிக்காமல் பெட்ரோல் தாங்கும் திறனை. பங்கில் எழுதியிருப்பது ரிசர்ச் ஆக்டேன். விமான பெட்ரோலின் '100' மோட்டார் ஆக்டேனை ஒட்டியது, அது இன்னும் கடினமான சோதனை. ஈயம் கலந்த விமான பெட்ரோலான 100 எல்எல்-க்கு மோட்டார் ஆக்டேன் குறைந்தது 99.6 இருக்க வேண்டும். 20 சதவீத எத்தனால் வருவதற்கு முன் இந்தியாவின் சாதா பெட்ரோல் ரிசர்ச் கணக்கில் 91, மோட்டார் கணக்கில் 81. இரண்டையும் நேராக ஒப்பிட்டால் இடைவெளி 9 போலத் தெரியும், உண்மையில் 18-க்கு மேல்.

எல்லா எஞ்சினுக்கும் 100 தேவையில்லை. பழைய 172-களில் வந்த லைக்கமிங் நிறுவனத்தின் ஓ-320-இ2டி எஞ்சின், 150 குதிரைசக்தி, கம்ப்ரஷன் (அழுத்த விகிதம்) 7:1. அது 80 ஆக்டேனுக்காக வடிவமைத்தது. அமெரிக்காவில் 1982-லிருந்தே இப்படிப்பட்ட விமானங்களுக்குக் கார் பெட்ரோல் ஊற்ற அனுமதி உண்டு, எத்தனால் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. 172எஸ்-இல் உள்ள ஐஓ-360-எல்2ஏ 8.5:1. பைப்பர் சீஃப்டன் விமானத்தின் டிஐஓ-540-ஜே2பிடி கம்ப்ரஷன் 7.3:1 தான், ஆனால் டர்போ வைத்து 350 குதிரைசக்தி எடுக்கிறார்கள். உள்ளே வரும் காற்றே ஏற்கெனவே அழுத்தப்பட்டு சூடாக வருவதால் அதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேஸ். கம்ப்ரஷன் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அமெரிக்கத் துறையில் அடிக்கடி சொல்லும் கணக்கு: 100 ஆக்டேன் கட்டாயம் தேவைப்படும் விமானங்கள் சுமார் 30 சதவீதம், ஆனால் விற்கும் பெட்ரோலில் சுமார் 70 சதவீதத்தைக் குடிப்பவை அவைதான். ஒரு விமான நிலையத்தில் இரண்டு டேங்க், இரண்டு லாரி வைக்க வழியில்லை என்றால், எது எல்லோருக்கும் ஒத்துவருமோ அதைத்தான் வைப்பார்கள். ஈயம் இன்னும் நிற்பதற்கு இந்த டேங்க் கணக்கு பெரிய காரணம்.

ஆகஸ்ட் 4, இரவு

பங்க் பெட்ரோல் பற்றி இன்னொன்று. இப்போது இந்தியாவில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ரிசர்ச் ஆக்டேன் 95 என்றாலும் மோட்டார் ஆக்டேன் 85 பக்கம்தான். ஆக்டேனை விட்டாலும் மூன்று தொல்லை.

எத்தனால் தண்ணீரை இழுத்துக் கரைத்துக்கொள்ளும். மேலே ஏறிக் குளிர்ந்ததும் அது தாங்காத அளவு தண்ணீர் பிரிந்து, எத்தனாலையும் கூடவே இழுத்துக்கொண்டு டேங்க் அடியில் தங்கும். அடியிலிருந்துதான் எஞ்சினுக்குக் குழாய் போகிறது. மேலே மிஞ்சும் பெட்ரோலுக்கோ ஆக்டேன் குறைந்துவிடும். இரண்டாவது, பழைய ரப்பர் டேங்க், ஓ-ரிங், மிதவை, சீலன்ட் எதுவும் எத்தனாலுக்காகச் செய்ததில்லை. மூன்றாவது கலவை. எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும். ஜெட் அளவு மாறாத கார்பரேட்டரில் அதே ஓட்டத்துக்குக் கலவை மெலிந்துவிடும். டேக்ஆஃபில் எஞ்சினைக் குளிர வைப்பதே அதிகப்படி பெட்ரோல்தான், அந்தக் காப்பு போகிறது.

ஆவி அழுத்தமும் உண்டு. விமான பெட்ரோல் 38 முதல் 49 கிலோபாஸ்கல் வரைக்குள் நிற்க வேண்டும். கார் பெட்ரோல் 60-ஐத் தொடும். சூடான மதியத்தில், இறங்கி நிறுத்திய எஞ்சினை உடனே திரும்ப ஸ்டார்ட் செய்தால் குழாயிலேயே ஆவியாகி அடைக்கும்.

இலகு விமானங்களின் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் விதிவிலக்கு. 912 யுஎல்எஸ் கம்ப்ரஷன் 10.8:1, ஆனால் சிலிண்டர் சிறியது, ஹெட் தண்ணீரில் குளிர்கிறது. ரிசர்ச் 95 போதும், எத்தனால் 10 சதவீதம் வரை ஒப்புக்கொள்ளும். 20 அல்ல.

ஆகஸ்ட் 6

"ஈயம் ஆக்டேனுக்குத்தானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பாதி. 100 எல்எல்-இல் லிட்டருக்கு அதிகபட்சம் 0.56 கிராம் ஈயம். அது எக்ஸாஸ்ட் வால்வும் (எரிந்த வாயு வெளியேறும் கதவு) அது அமரும் இருக்கையும் உரசும் இடத்தில் ஆக்சைடாகப் படிந்து, உலோகம் உலோகத்தோடு ஒட்டிப் பிய்வதைத் தடுக்கிறது.

வடக்கு டகோடா பல்கலைக்கழகத்தின் பயிற்சி விமானங்கள் 2023 ஜூனில் ஈயமில்லாத 94 ஆக்டேனுக்கு மாறின. அதே ஆண்டு அக்டோபரில் 100 எல்எல்-க்குத் திரும்பின. காரணம் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கை தேய்ந்து உள்ளே போனது. லைக்கமிங் ஆராய்ந்து சொன்னது, எரிபொருளில் அரோமேட்டிக் (பென்சீன் வகைச் சேர்மங்கள்) அளவு குறைவாக இருந்ததற்கு இதில் பங்கு உண்டு என்று. ஆக்டேன் அந்த எஞ்சின்களுக்குப் போதுமானதாகவே இருந்தது. இந்த விஷயத்தில் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம் அதுதான்: ஆக்டேன் சரியாக இருப்பதாலேயே எரிபொருள் சரி என்று ஆகாது.

தேய்வதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். இருக்கை தேய்ந்தால் வால்வு மேலும் உள்ளே ஏறி அமரும். தண்டின் நுனி, வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கரை நோக்கி வரும். ஆகவே இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். லைக்கமிங்கில் எண்ணெய் வடித்த டாப்பெட் இடைவெளி 0.028 முதல் 0.080 அங்குலம். ராக்கர் கவரைக் கழற்றி, ராக்கர், புஷ்ராட், உறைக்குழாய் எடுத்து, ஹைட்ராலிக் லிஃப்டரின் உள்பகுதியை வெளியே இழுத்து எண்ணெயை முழுக்க வடிக்க வேண்டும். லிஃப்டரில் எண்ணெய் மிச்சம் இருந்தால் அது இடைவெளியை நிரப்பிக்கொள்ளும், அளவு பொய். திரும்ப மாட்டி, பிஸ்டன் கம்ப்ரஷன் மேல்முனையில் இருக்கும்போது ஃபீலர் கேஜ் விடுங்கள். 0.028-க்குக் கீழே போனால் குட்டையான புஷ்ராட் போடலாம், ஆனால் தேய்மானம் தொடர்ந்தால் அது வைத்தியம் ஆகாது. இடைவெளி முழுவதும் தீர்ந்ததும் வால்வு மூடாமல் நிற்கும், சூடான வாயு கசிந்து விளிம்பு எரிந்துவிடும்.

எரிபொருள் மாற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் இந்த அளவை எடுத்து லாக் புத்தகத்தில் எழுதி வையுங்கள். முதல் அளவு இல்லாமல் பின்னால் எடுக்கும் அளவுக்கு அர்த்தமில்லை.

ஆகஸ்ட் 9

100 ஆக்டேன் ஈயமில்லா எரிபொருளில் மூன்று போட்டி. காமி நிறுவனத்தின் ஜி100யுஎல், 2022 செப்டம்பரில் எல்லா ஸ்பார்க் பிஸ்டன் எஞ்சின்களுக்கும் அமெரிக்க அனுமதி பெற்றது. ஸ்விஃப்ட்டின் 100ஆர், 2024 செப்டம்பரில் 172ஆர், 172எஸ் ஆகிய இரண்டுக்கு மட்டும் தொடங்கியது. லயோண்டெல்பாசெல்லும் விபி ரேசிங்கும் சேர்ந்து செய்யும் யுஎல்100இ அரசுச் சோதனைத் திட்டம் வழியாக வருகிறது.

மூன்றும் 100 எல்எல்-ஓடு கலக்கும் நோக்கத்தில் செய்தவை. ஒன்றோடொன்று கலக்க அனுமதி இல்லை. கிளம்பிய ஊரில் ஒன்று, இறங்கிய ஊரில் இன்னொன்று என்றால் என்ன செய்வது? டேங்கை வடிக்காமல் வழியில்லை. ஆய்வகத்தில் எது சிறந்தது என்று நாம் வாதாடுகிறோம். பைலட்டுக்கு முக்கியம், நாடு முழுக்க ஒரே எரிபொருள் கிடைக்குமா என்பது. அது இன்னும் முடிவாகவில்லை.

ஆகஸ்ட் 9, சற்றுப் பிறகு

"ஜி100யுஎல்-க்கு எஃப்ஏஏ (அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பு) எல்லா எஞ்சினுக்கும் அனுமதி கொடுத்தாச்சு, அப்புறம் என்ன பயம்" என்று கேட்டவருக்கு. அனுமதி உண்டு. ஆனால் சிரஸ் 2024-இல் தன் விமானங்களுக்கு அதை ஏற்கவில்லை என்று அறிவித்தது, எஞ்சின் வாரண்டிக்குச் சிக்கல் வரலாம் என்றும் எச்சரித்தது. கலிஃபோர்னியாவில் ஊற்றியவர்களிடமிருந்து பெயின்ட் கறை, சீலன்ட் உரிவது, ஓ-ரிங் ஊதுவது என்று புகார்கள் வந்தன. ஏற்கெனவே பழுதான சீலன்ட்தான் காரணம் என்பது தயாரித்தவர்கள் வாதம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். 40 ஆண்டு பழைய இறக்கைக்குள் இருக்கும் சீலன்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று திறந்து பார்த்தவர் குறைவு. அரோமேட்டிக் அதிகமான எரிபொருள் அந்தப் பலவீனத்தை முதலில் வெளியே கொண்டுவரும்.

ஊற்றுகிறவர்கள் செய்ய வேண்டியது: மூடி ஓரத்தில் சிந்தினால் உடனே துடையுங்கள், காய விடாதீர்கள். இறக்கை அடியில் ரிவெட் வரிசையில் கறை இருக்கிறதா என்று முதலில் படம் எடுத்து வைத்து, ஒவ்வொரு நிரப்பலுக்கும் பிறகு ஒப்பிடுங்கள். வடிகால் கோப்பையில் ரப்பர் துகள், சீலன்ட் துணுக்கு வந்தால் பறக்காதீர்கள்.

ஆகஸ்ட் 13

கால அட்டவணை கேட்டார்கள். அமெரிக்காவில் 2030 கடைசிக்குள் ஈயத்தை ஒழிப்பது இலக்கு, அலாஸ்காவுக்கு 2032. மாற்று வரும்வரை, விற்றுக்கொண்டிருந்த நிலையங்கள் 100 எல்எல்-ஐ நிறுத்தக் கூடாது என்று 2024 சட்டம் சொல்கிறது. சான் ஹோசேயின் ரீட்-ஹில்வியூ அதற்கு முன்பே, 2022 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. ஐரோப்பாவில், பெட்ரோலில் சேர்க்கும் டெட்ராஎத்தில் ஈயத்துக்கு 2025 மே 1 கெடு. அதற்குப் பின் தனி அனுமதி பெற்றவர்கள் மட்டும்தான் பயன்படுத்தலாம்.

இந்தியாவில் 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் வடோதரா சுத்திகரிப்பு ஆலையில் 100 எல்எல் தயாரிக்கத் தொடங்கியது. அதுவரை இறக்குமதிதான். நம் பயிற்சிப் பள்ளிகளுக்கு அது நல்ல செய்தி, ஆனால் உள்ளே போகும் ஈயச் சேர்மம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். இங்கிலாந்தின் எல்ஸ்மியர் போர்ட்டில் உள்ள இன்னோஸ்பெக் ஆலையை நம்பித்தான் மேற்கத்திய நாடுகளின் 100 எல்எல் ஓடுகிறது.

ஆகஸ்ட் 17

இப்போது இக்னிஷன். மேக்னெட்டோ பழசு என்று சிரிப்பதற்கு முன் அதன் குணத்தைப் பாருங்கள். பேட்டரி வேண்டாம், ஆல்டர்னேட்டர் வேண்டாம். சுற்றினால் நெருப்பு. ஸ்விட்ச் வயர் அறுந்தால்கூட அது நிற்காது, ஏனென்றால் பி-லீட் எனும் அந்த வயர் எர்த் ஆனால்தான் அணையும். (அதனாலேயே அறுந்த பி-லீட் தரையில் ஆபத்து. கீ ஆஃபில் இருந்தும் புரொப்பெல்லரைக் கையால் தொட்டுத் திருப்பினால் அடிக்கும்.)

குறை இதுதான். டைமிங், அதாவது பொறி விழும் நேரம், நிலையானது. பல லைக்கமிங்குகளில் மேல்முனைக்கு 25 டிகிரி முன். 2,400 ஆர்பிஎம்-இல் 25 டிகிரி கடக்க ஆகும் நேரம் சுமார் 1.7 மில்லி விநாடி. முழு சக்தியில், தடித்த கலவையில் அது பொருத்தம். 8,000 அடியில் மேனிஃபோல்ட் அழுத்தம் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) 21, 22 பாதரச அங்குலத்துக்கு இறங்கி, கலவையையும் மெலிய வைத்தால் தீ மெதுவாகப் பரவும். உச்ச அழுத்தம் வர வேண்டிய இடத்தைத் தாண்டி வரும், சக்தி எக்ஸாஸ்டில் போகும். அங்கே டைமிங்கை முன்னே தள்ளினால் பெட்ரோல் மிச்சம். மின்னணு இக்னிஷனின் லாபம் முழுக்க அங்கேதான், பிறகு ஸ்டார்ட்டிங்கில். தரைமட்டத்தில், முழுத் த்ராட்டிலில் லாபம் ஏதுமில்லை.

முதல் கேள்விக்கு இப்போது திரும்பலாம். டைமிங்கை முன்னே தள்ளலாம் என்றால் பின்னேயும் தள்ளலாம். டேக்ஆஃபில் சில டிகிரி பின்னே இழுத்தால் உச்ச அழுத்தம் குறையும், டெட்டனேஷன் (நேரம் தவறிய வெடிப்பு) விலகும், 94 ஆக்டேன் போதுமாகும் எஞ்சின்கள் கூடும். எரிபொருளும் இக்னிஷனும் ஒரே பிரச்சினையின் இரு பக்கம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். விலை என்ன? டேக்ஆஃப் சக்தி. சூடான நாளில், குட்டை ஓடுபாதையில் அந்தச் சில குதிரைசக்தியை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். விமானத்தின் செயல்திறன் அட்டவணையையே திரும்ப எழுத வேண்டிவரும்.

ஆகஸ்ட் 18

நாக் சென்சார் ஏன் இல்லை என்பதற்கு: காற்றில் குளிரும் பெரிய சிலிண்டர், தளர்ந்த பிஸ்டன் இடைவெளி, தட்டும் வால்வு ரயில், புரொப்பெல்லர் அதிர்வு. சென்சாருக்கு இவை எல்லாமே நாக் போலக் கேட்கும். பொய் எச்சரிக்கையில் சிஸ்டம் டைமிங்கைப் பின்னே இழுத்தால் ஏறும்போது சக்தி போகும். சிலிண்டருக்குள்ளேயே அழுத்தத்தை அளந்து டைமிங்கை முடிவு செய்வதுதான் சரியான வழி. காமி 'பிரிசம்' என்ற பெயரில் அதைச் செய்து காட்டியது. சூட்டையும் ஈயப் படிவையும் தாங்கி ஆயிரக்கணக்கான மணி நேரம் நிற்கும் விலை மலிவான சென்சார்தான் முட்டுக்கட்டை. ஈயம் போனால் அதில் பாதி தளரும்.

ஆகஸ்ட் 21

ஷ்யூர்ஃப்ளை, எலக்ட்ரோஏர், பி-மேக் ஆகிய மின்னணு இக்னிஷன்களில் எதை வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு: பிராண்டுக்கு முன் மின்சாரத்தைக் கேளுங்கள்.

2007 மார்ச், ஜெர்மனியின் ஷ்பையர். பேட்டரி இறங்கிப்போன டயமண்ட் டிஏ42 (இரட்டை டீசல் எஞ்சின் விமானம்) வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் ஆனது. டேக்ஆஃபுக்குப் பின் சக்கரத்தை மடக்கியதும் மோட்டார் இழுத்த மின்சாரத்தில் வோல்டேஜ் ஒரு கணம் விழுந்தது. எஞ்சின் கணினிகள் ரீசெட் ஆயின. இரண்டு எஞ்சினும் நின்றன. எஞ்சினில் எந்தப் பழுதும் இல்லை. பிறகு கணினிகளுக்குத் தனி பேட்டரி வந்தது.

எனவே மின்னணு இக்னிஷனின் வயர் மாஸ்டர் ஸ்விட்சுக்குப் பின்னால் உள்ள மின்பகிர்வுப் பட்டையிலிருந்து (பஸ்) வரக் கூடாது. நேராக பேட்டரி முனையிலிருந்து, பேட்டரிக்கு மிக அருகில் தன் ஃபியூஸோடு வர வேண்டும். புகை வந்தால் மாஸ்டரை அணைப்பது பயிற்சி, அணைத்ததும் எஞ்சின் நிற்கக் கூடாது. எர்த் வயர் எஞ்சின் கேஸிலேயே, பெயின்ட் சுரண்டிய இடத்தில். பேட்டரியின் கொள்ளளவை ஆண்டுதோறும் சோதியுங்கள். மேக்னெட்டோ இருந்தபோது பழைய பேட்டரி ஸ்டார்ட் செய்யத்தான் உதவாது. இப்போது அது பறப்பதற்கே வேண்டிய பாகம்.

சான்றிதழ் பெற்ற விமானங்களில் பெரும்பாலும் ஒரு மேக்னெட்டோவை மட்டும் மாற்றி மற்றதை விட்டுவைப்பார்கள். எதை எடுக்கிறீர்கள் என்று கவனம். ஸ்டார்ட்டில் பொறியைத் தாமதிக்கும் இம்பல்ஸ் கப்ளிங் உள்ளதை எடுத்துவிட்டு, அது இல்லாத மேக்னெட்டோ மிஞ்சினால் ஸ்டார்ட் செய்யும்போது மிஞ்சியது கட்டாயம் எர்த்தில் இருக்க வேண்டும். கீ ஸ்விட்சின் பின்னால் உள்ள ஜம்பரைச் சரிபாருங்கள். ஸ்டார்ட்டர் 100 ஆர்பிஎம்-இல் சுற்றும்போது 25 டிகிரி என்பது சுமார் 42 மில்லி விநாடி. பிஸ்டன் மேலே வருவதற்கு அவ்வளவு முன்னால் எரிந்தால் கிராங்க் பின்னோக்கி உதைக்கும், ஸ்டார்ட்டர் மூக்கு உடையும். பேட்டரி செத்தால் இப்படி மாற்றிய எஞ்சினைக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யவும் முடியாது.

மாறும் டைமிங் எல்லா எஞ்சினுக்கும் அனுமதி இல்லை. டர்போ எஞ்சின்களில் நிலையான டைமிங்கோடு நில்லுங்கள். மாறும் டைமிங் போட்டால் சிலிண்டர் ஹெட் சூடு ஏறும். லைக்கமிங்கின் எல்லை 500 ஃபாரன்ஹீட் என்றாலும் 400-க்குக் கீழே வைப்பதுதான் ஆயுளுக்கு நல்லது. ஏற்கெனவே 390-இல் ஓடும் எஞ்சினென்றால் முதலில், காற்றை சிலிண்டர்மேல் திருப்பும் பேஃபிள் ரப்பரைச் சரிசெய்யுங்கள், பிறகு இக்னிஷன்.

ஆகஸ்ட் 22

ப்ளக் பற்றி. அடி ப்ளக்குகளைக் கழற்றினால் பீங்கான் ஓரத்தில் சாம்பல் நிற மணிகள் சிக்கியிருக்கும். அது ஈயம். ஈயத்தை வெளியேற்ற பெட்ரோலில் எத்திலீன் டைபுரோமைடு சேர்க்கிறார்கள், ஆனால் அது வேலை செய்யச் சூடு வேண்டும். தரையில் ஐட்லிங்கில் சூடு போதாது. விமானத்தைத் தரையில் ஓட்டும்போது (டாக்ஸி) கலவையை நன்றாக மெலிய வையுங்கள், த்ராட்டிலைத் தள்ளினால் எஞ்சின் திணறும் அளவுக்கு. ப்ளக் இடைவெளி 0.016 முதல் 0.021 அங்குலம். ரெசிஸ்டரை மல்டிமீட்டரில் பாருங்கள், 5,000 ஓமுக்கு மேல் போனால் தூக்கி எறியுங்கள். லைக்கமிங்கில் இறுக்கம் 35 அடி-பவுண்டு, முதல் இரண்டு மரையில் ஆன்டி-சீஸ் படக் கூடாது.

ரோட்டாக்ஸில் 100 எல்எல் ஓட்டம் 30 சதவீதத்துக்கு மேல் போனால் எண்ணெயை 25 மணிக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கியர்பாக்ஸும் கிளட்சும் அதே எண்ணெயில் இருப்பதால் ஈயச் சேறு அங்கே போய் உட்காரும்.

செப்டம்பர் 2

டீசல் பக்கம் போனால் பொறியே வேண்டாம், இக்னிஷன் கேள்வியே போய்விடும். ஆஸ்ட்ரோ ஏஇ300, மெர்சிடிஸ் கார் எஞ்சினிலிருந்து வந்தது, 168 குதிரைசக்தி, ஜெட் விமான எரிபொருளான ஜெட் ஏ-1 குடிக்கும். கனம் அதிகம், கியர்பாக்ஸ் வேண்டும், கணினி வேண்டும் (ஷ்பையரை மறக்காதீர்கள்). டெல்டாஹாக் 2023-இல் சான்றிதழ் பெற்ற 180 குதிரைசக்தி எஞ்சின் வேறு வழியில் போனது: இரண்டு ஸ்ட்ரோக், வி4, எரிபொருள் செலுத்துவது முழுக்க எந்திரமுறை. எனக்கு அந்தப் போக்குதான் பிடித்திருக்கிறது.

டீசலின் உள்சிக்கல், ஜெட் ஏ-1 தரத்தில் சீட்டேன் எண்ணுக்கு (எவ்வளவு எளிதில் தானே பற்றும் என்பதன் அளவு) வரையறையே கிடையாது. டர்பைனுக்கு அது தேவையில்லை. தாவரமூல ஜெட் எரிபொருள் கலக்கக் கலக்க இது பெரிதாகும். சீட்டேன் குறைந்தால் உயரத்தில், குளிரில், எஞ்சின் நின்றபின் திரும்பப் பற்றாது. எரிபொருள் மாறி ஊற்றுவதும் உண்டு. டீசல் விமானத்தில் பெட்ரோல் ஊற்றினால் பம்பு வழவழப்பின்றி அரைந்துவிடும். பெட்ரோல் விமானத்தில் ஜெட் ஏ ஊற்றினால் குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் டாக்ஸி நன்றாகவே போகும், டேக்ஆஃபில் டெட்டனேஷன் வரும். நிரப்பும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

செப்டம்பர் 3

வேறு வழிகள் பற்றி. ஹைட்ரஜன்: 700 பார் அழுத்தத்தில்கூட ஒரு லிட்டர் சுமார் 40 கிராம், ஆற்றல் 5 மெகாஜூலுக்குள். பெட்ரோல் 31 மெகாஜூல். 172-இன் இறக்கைக்குள் இடமில்லை. லேசர் இக்னிஷன்: எலக்ட்ரோடு தேயாது, ஆனால் ஒளி போகும் கண்ணாடியில் எண்ணெய்க் கரி படியும், அடி ப்ளக் இடத்தில் இன்னும் மோசம். நானோ விநாடி பிளாஸ்மா இக்னிஷன் எனக்கு நம்பிக்கை தருகிறது, மெல்லிய கலவையையும் பற்றவைக்கும். அது எழுப்பும் ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் உறை வயர் விமானத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

செப்டம்பர் 11

எத்தனால் சோதனை கேட்டவருக்கு. அளவு குறித்த கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி பெட்ரோல். தண்ணீர் மட்டத்தைக் குறித்துவிட்டு, மூடிக் குலுக்கி, தெளிய விடுங்கள். கோடு அசையாமல் இருந்தால் எத்தனால் இல்லை. மேலே ஏறினால் உண்டு. இ20 என்றால் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும்.

செப்டம்பர் 15

ஒரு பக்கம் மின்னணு, மறுபக்கம் மேக்னெட்டோ வைத்தவர்கள் ரன்-அப் (கிளம்பும் முன் செய்யும் எஞ்சின் சோதனை) எண்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். 172எஸ் கையேட்டில் 1,800 ஆர்பிஎம்-இல் ஒரு பக்கத்தை அணைத்தால் வரும் வீழ்ச்சி 150-க்குள், இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்குள். மாறும் டைமிங் உள்ள பக்கம் தனியாக ஓடும்போது வீழ்ச்சி மிகக் குறைவு, மேக்னெட்டோ மட்டும் ஓடும்போது வழக்கமான வீழ்ச்சி. வித்தியாசம் 50-ஐத் தாண்டக்கூடும். இக்னிஷனோடு வந்த கையேட்டு இணைப்பில் உள்ள எல்லையைத்தான் பின்பற்ற வேண்டும், அதைப் பழைய கையேட்டுக்குள் சொருகி வையுங்கள். வீழ்ச்சியே இல்லை என்றால் மகிழாதீர்கள். அந்தப் பக்கம் பி-லீட் அறுந்திருக்கலாம், ஐட்லிங்கில் கீயை ஒரு நொடி ஆஃப் செய்து எஞ்சின் அணையப் பார்க்கிறதா என்று பாருங்கள்.

பி-மேக் உள்ளவர்களுக்குக் கூடுதல் ஒன்று. அதற்குள் சொந்த ஆல்டர்னேட்டர் உண்டு. ரன்-அப்பில் அந்தப் பக்கத்தை மட்டும் ஓடவிட்டு விமான மின்சாரத்தைத் துண்டியுங்கள். எஞ்சின் தடுமாறாமல் ஓட வேண்டும். நின்றால், மின்சாரத்தை உடனே திரும்பக் கொடுக்காதீர்கள், வெடித்துச் சத்தம் வந்து மஃப்ளர் கிழியும். முழுக்க நிற்கவிட்டு, கழற்றிப் பார்த்த பிறகே அடுத்த ஸ்டார்ட்.